ஆண் வண்டின் பெண் வயிறு

பூச்சி அறைக்குள் நீளக் கை ஸ்வெட்டரோடு வரக் கூடாது என்று கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். கொட்டை எழுத்து, அடியில் இரண்டு கோடு. இருபது வருடத்துக்கு முன்னால் அதை எழுதி ஒட்டியவர் லோவல் க்வாம். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நீளக் கை ஸ்வெட்டரோடு உள்ளே வந்தவரும் அவரேதான்.

மே மாதம் பிறந்துவிட்டது உண்மைதான். ஆனால் வடக்கு டகோட்டாவில் மே மாதத்தை நம்பி ஸ்வெட்டரைக் கழற்றியவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு திரிவதைத்தான் பார்த்திருக்கிறோம். லோவல் அலமாரியைத் திறந்தார். கண்ணாடி போட்ட பெட்டியை இழுத்தார். அதிலிருந்த ஒற்றை வண்டை அதன் ஊசியோடு இடுக்கியால் தூக்கி, மைக்ரோஸ்கோப்புக்குப் பக்கத்தில் ஒரு கார்க் துண்டில் நட்டு வைத்தார். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்கு. மூக்குக் கண்ணாடியை எடுக்கக் கை நீட்டியபோது ஸ்வெட்டர் நூல் ஒன்று ஊசித் தலையில் மாட்டியது. கையோடு வண்டும் கிளம்பியது. லோவல் கையை உதறினார். அறுபத்தாறு வயது, பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் வண்டுகளுக்கு முப்பத்தாறு வருடப் பொறுப்பாளர், ஊசியில் இருக்கும் பூச்சியை அதட்டிக்கூடப் பேசக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிப்போனவர், ஈ விரட்டுகிற மாதிரி உதறினார்.

வண்டு ஊசியிலேயே நின்றுவிட்டது. அதன் வயிறு மட்டும் கழன்று மேசையில் உருண்டு, காபிக் கோப்பைக்கு அடியில் இருந்த தட்டில் போய் உட்கார்ந்தது. காபியும் அந்த அறைக்குள் வரக் கூடாது. கதவில் அதற்குத் தனிக் காகிதம் உண்டு.

சோம்பு அளவு இருக்கும் அந்த வயிறு. லோவல் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஈரத் தூரிகையால் அதை ஒற்றி எடுத்தார். வேறு எந்த வண்டாக இருந்தாலும் ஒரு சொட்டுப் பசையோடு வேலை முடிந்திருக்கும். இது சிவப்புச் சீட்டு வண்டு. புது இனம் ஒன்றுக்குப் பெயர் வைக்கிறவர், 'நான் சொல்வது இதைத்தான்' என்று உலகத்தில் ஒரே ஓர் உடலைக் கை காட்டியாக வேண்டும். அந்த உடலின் ஊசியில் சிவப்புச் சீட்டு ஏறும். பெயர் அந்த உடலோடு கட்டிப்போட்டது. உடலில் கோளாறு என்றால் பெயரும் ஆடிப்போகும்.

இந்த வண்டுக்குப் பெயர் வைத்தவர் லோவல். 1988 ஜூனில், ஓஸ்தர் மணல்மேட்டில், விளிம்பு வரை மண்ணில் புதைத்து வைத்த ஒரு தயிர் டப்பாவுக்குள் தனியாக விழுந்து கிடந்தது. மணல்மேட்டில் எங்கும் ஓடித் திரிகிற சாதாரண வண்டு கரிக் கறுப்பு. இதுவோ இளஞ்செம்பழுப்பு, காய்ச்சிய வெண்ணெய் நிறம். உள்ளே திறந்து பார்த்ததில் இன்னும் பெரிய அதிசயம். இந்த வண்டுகள் வெளியே எல்லாம் ஒரே அச்சு. ஆணின் உள்ளுறுப்பைப் பார்த்துத்தான் யார் எவர் என்று தீர்ப்பாகும். (இதை விருந்துகளில் விளக்கப் போய் லோவல் பல நட்புகளை இழந்திருக்கிறார்.) சாதாரண வண்டுக்கு அந்த உறுப்பு நேராக இருக்கும். இதற்கு நுனி கொக்கி மாதிரி இடது பக்கம் வளைந்திருந்தது. வளைந்த உறுப்பைக் கிளிசரின் நிரப்பிய ஒரு பொடிக் குப்பியில் போட்டு அதே ஊசியில் வண்டுக்குக் கீழே செருகினார். தன் மனைவி ஆர்லீன் பெயரையே இனத்துக்கு வைத்தார். மண்ணுக்கடியில் செத்த புழுக்களைத் தின்கிற ஒரு ஜந்துவுக்குத் தன் பெயர் என்று கேள்விப்பட்ட ஆர்லீன் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பிறகு பேசினாள், வக்கீல் மூலமாக.

அதன் பிறகு ஒவ்வொரு ஜூனிலும் லோவல் மணல்மேட்டுக்குப் போய்த் தயிர் டப்பாக்களைப் புதைத்தார். முப்பத்து நான்கு ஜூன். மழை எவ்வளவு, சூடு எவ்வளவு, எந்த வண்டு எத்தனை என்று அலமாரி கொள்ளாத நோட்டுப் புத்தகங்கள். இரண்டாவது ஆர்லீன் வண்டு மட்டும் விழவில்லை. பூச்சிமருந்துக்காரர்கள், பக்கத்துப் பண்ணையின் மாடுகள், தயிர்க் கம்பெனி டப்பாவின் வாயைச் சுருக்கியது என்று அவர் வரிசையாகச் சந்தேகப்பட்டார். சந்தேகத்தில் அவர் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

வியாழக்கிழமை டெல்மர் ஸ்ட்ரோ வருகிறார். அதற்காகத்தான் இந்தப் பெட்டியையே திறந்தது.

வண்டுத் தொழிலில் இரண்டு சாதி உண்டு. ஒன்றை இரண்டாகப் பிரிக்கிறவர்கள், இரண்டை ஒன்றாகச் சேர்க்கிறவர்கள். தெற்கே நான்கு மணி நேரம் தள்ளி இன்னொரு பல்கலைக்கழகத்தில் இருக்கும் டெல்மர் சேர்க்கிறவர்களின் தலைவர். மற்றவர்கள் ஆசை ஆசையாகப் பெயர் வைத்த நாற்பத்து மூன்று இனங்களை, 'இதுவும் அதுவும் ஒன்றே' என்று ஒரே வரியில் அடக்கம் செய்தவர். இப்போது ஓய்வு பெறப் போகிறார். போகிற போக்கில் அந்தக் குடும்பத்து வண்டுகள் அத்தனைக்கும் கடைசிப் பட்டியல் எழுதுகிறார். 'ஆர்லீன் வண்டை நேரில் வந்து பார்க்கிறேன், தபாலில் அனுப்ப வேண்டாம்' என்று எழுதியிருந்தார். முப்பது வருடமாகத் தொடாமல் விட்ட வண்டை இப்போது ஏன் நேரில் பார்க்க வேண்டும்? லோவலுக்கு வாழ்நாளில் சொந்தமென்று இருப்பது அந்த ஒரே பெயர். அது நிற்குமா, நாற்பத்து நான்காவதாகப் போகுமா என்பது வியாழக்கிழமை தெரிந்துவிடும்.

ஒட்டுவதற்கு முன்னால் வயிற்றை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். உறுப்பை எடுக்க அவர் தன் கையால் போட்ட வெட்டு நுனியில் இருக்க வேண்டும். வெட்டு இல்லை. வெட்டு இல்லாதது மட்டுமில்லை, முட்டை இடும் உறுப்பு முழுசாக, அழகாக, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

லோவல் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அவருடைய ஒரே இனம் மேலே ஆண், கீழே பெண்.

யாரோ ஒட்டியிருக்கிறார்கள்.

*

"மார்லிஸ், கொஞ்சம் இப்படி வாங்களேன்" என்று குரல் கொடுத்தார்.

மார்லிஸ் டீட்ஸ்தான் அந்தப் பூச்சி அறையின் உண்மையான முதலாளி. எட்டு லட்சம் பூச்சிகளுக்குச் சீட்டு எழுதுவது, அந்துருண்டை வைப்பது, பெட்டிகளைப் பூட்டுவது எல்லாம் அவர்தான். முப்பது வருடமாக லோவலையும் அதே பட்டியலில் சேர்த்துப் பராமரித்து வருகிறார்.

கதவோரம் வந்து நின்றவர் முதலில் ஸ்வெட்டரைப் பார்த்தார். பிறகு காபியைப் பார்த்தார்.

"ஸ்வெட்டர் நல்லாருக்கு லோவல். கை நல்ல நீளம்."

"அத விடுங்க. இந்தச் சிவப்புச் சீட்டு வண்ட யாராவது எப்பவாவது வெளிய எடுத்தாங்களா?"

"ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

"சும்மா கேக்குறவரு மூஞ்சி இப்படியா இருக்கும்?"

"எடுத்தாங்களா இல்லையா?"

மார்லிஸ் ஜன்னல் பக்கம் திரும்பினார். "காத்து வடக்கேருந்து திரும்பிருச்சு. ராத்திரிக்கு உறைபனி விழுந்தாலும் விழும். தக்காளி நாத்து வச்சவங்க பாடு திண்டாட்டம்தான்."

எங்கள் பக்கத்தில் நேராகப் பதில் சொல்வது கிட்டத்தட்ட வசவுக்குச் சமம். 'சாப்பாடு பிடித்ததா' என்று கேட்டால் 'வித்தியாசமா இருந்துச்சு' என்போம். வீடு தீப்பிடித்தால் 'கொஞ்சம் சூடாத்தான் இருக்கு' என்போம். இதையெல்லாம் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர் லோவல். ஆனாலும் தக்காளி நாற்று வரைக்கும் ஒருவர் ஓடினால், ஓட ஏதோ காரணம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

மார்லிஸ் போன பிறகு வயிற்றின் விளிம்பில் இருந்த பசையைப் பார்த்தார். அருங்காட்சியகத்துப் பசை வெள்ளை, தண்ணீரில் கரையும். இது பளபளப்பாக, லேசாக இளஞ்சிவப்பாக இருந்தது. ஒரு சொட்டு அசிட்டோனைத் தொட்டு வைத்ததும் இளகி வழிந்தது. அந்த வாசனையை மோந்து பார்த்தார். நெயில் பாலிஷ்.

அந்தக் கட்டடத்தில் நெயில் பாலிஷ் போடுகிற ஒரே ஆள் மார்லிஸ். இளஞ்சிவப்பு. முப்பது வருடமாக அதே இளஞ்சிவப்பு.

மத்தியானம் முழுக்க லோவல் மார்லிஸின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டேப்ளரை நீட்டினார், விரலைப் பார்த்தார். கதவைத் திறந்துவிட்டார், விரலைப் பார்த்தார். நாலு மணிக்கு மார்லிஸ் இரண்டு கையையும் விரித்து அவர் மேசை மேல் வைத்தார்.

"நல்லாப் பாத்துக்குங்க. பத்தும் இருக்கு."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"அதான் எனக்கு பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். ஒன்பதிலிருந்து ஐந்து வரை என்று முப்பது வருடம் கடிகாரம் மாதிரி இருந்தவர் நாலு மணிக்குக் கிளம்பியதையும் லோவல் மனதில் குறித்துக்கொண்டார்.

*

புதன்கிழமை காலை வருகைப் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டார். எந்தப் பெட்டியை யார் திறந்தாலும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். ஆர்லீன் வண்டின் பெட்டிக்கு நேராக இருந்த கையெழுத்துகளில் முக்கால்வாசி அவருடையதே. பெட்டியைத் திறப்பார், மேலிருந்து பார்ப்பார், பெருமூச்சு விடுவார், மூடுவார். சிவப்புச் சீட்டைக் கூடுமானவரை தொடக் கூடாது என்பது தொழில் தர்மம். அந்தத் தர்மத்தைக் கடைப்பிடித்து இத்தனை வருடமும் ஒரு பெண் வயிற்றுக்கு மேலே நின்று பெருமூச்சு விட்டிருக்கிறார்.

வெளியாள் கையெழுத்து ஒன்றே ஒன்றுதான். 'டெல்மர் ஸ்ட்ரோ. 1994 மார்ச் 11. உள்ளே 9.10, வெளியே 5.40.' பக்கத்தில் பெட்டியைத் திறந்து கொடுத்தவர் கையெழுத்து: 'மா. டீட்ஸ்.' வேலைக்குச் சேர்ந்த புதிது. எழுத்து இன்னும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உருண்டையாக இருந்தது.

ஒரு வண்டைப் பார்க்க எட்டரை மணி நேரமா?

அந்தத் தேதி அவருக்குப் பதிவேடு பார்க்காமலே தெரியும். அன்று அவர் ஊரிலேயே இருந்தார், ஆனால் நீதிமன்றத்தில். ஆர்லீனும் அவரும் கடைசியாக ஒரே மேசையில் கையெழுத்துப் போட்ட நாள் அது. அவர் அங்கே ஒன்றைப் பிரித்து இரண்டாக்கிக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே டெல்மர் அவருடைய வண்டோடு தனியாக இருந்திருக்கிறான். தனியாகக்கூட இல்லை. மார்லிஸோடு.

சந்தேகம் அதன் பிறகு தானாகவே நடந்தது. டெல்மர் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மார்லிஸ் பெயருக்கு ஒரு பெட்டி வால்நட் ஃபட்ஜ் இனிப்பு அனுப்புவான். 'எல்லாருக்கும்தான், எடுத்துக்குங்க' என்று மார்லிஸ் அதை லோவல் மேசையில் வைப்பார். இருபத்தொன்பது வருடம், இருபத்தொன்பது பெட்டி. பாதிக்கு மேல் தின்றது லோவல்தான். எதற்கு அந்த ஃபட்ஜ்? காதலா? லோவல் மார்லிஸின் கணவர் வெர்னனை நினைத்துப் பார்த்தார். ஆறடி நாலங்குலம், கோதுமை லாரி ஓட்டுகிறவர். காதல் இல்லை என்று முடிவு செய்தார். அப்படியானால் சதி. டெல்மர் அன்று உண்மையான வயிற்றைப் பிய்த்துவிட்டுப் பெண் வயிற்றை ஒட்டியிருக்கிறான். எப்போது வேண்டுமானாலும் வந்து, 'பாருங்கள், இவருடைய இனமே ஒட்டுப் போட்டது' என்று ஊரைக் கூட்டலாம். வெடியைப் புதைத்துவிட்டுத் தீப்பெட்டியை முப்பது வருடம் பையில் வைத்திருந்திருக்கிறான். இப்போது ஓய்வு பெறப் போகிறான், உரசப் போகிறான்.

கதையில் ஒரே ஓர் ஓட்டை. கெட்டவன் ஏன் இத்தனை வருடம் காத்திருந்தான்? லோவலுக்குப் பதில் கிடைக்கவில்லை. பதில் கிடைக்காதது சதியின் ஆழத்தைக் காட்டுகிறது என்று எடுத்துக்கொண்டார்.

வயிற்றை ஒட்டவில்லை. கழன்ற வயிற்றை வெள்ளைக் காகிதத்தில் வைத்து, வண்டைப் பக்கத்தில் நட்டு, இரண்டையும் மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் விட்டுவிட்டார். டெல்மர் குனிந்து பார்க்கிற நிமிடத்தில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

*

டெல்மர் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வந்தார். எழுபத்தொரு வயது, வளைந்த முதுகு, இரண்டு காது நிறையக் காது மெஷின். கையில் ஃபட்ஜ் பெட்டி.

"இது மே மாசம்யா" என்றார் லோவல்.

"தெரியும். இந்த வருஷம் கொஞ்சம் முன்னாடியே செஞ்சுட்டா வீட்டுல."

"ரோடு எப்படி?"

"ரோடு இருக்கு. பாதி தூரம் எதிர்க்காத்து. வண்டி அதுபாட்டுக்குக் கெழக்கே போகுது, நான் என்பாட்டுக்கு வடக்கே போறேன்."

"மழை?"

"உங்க பக்கம் பேஞ்ச மாதிரி எங்க பக்கம் இல்ல."

"எங்க பக்கம் பேயவே இல்லையே."

"அதத்தான் சொல்றேன்."

இப்படியே முக்கால் மணி நேரம் போயிற்று. அதற்குள் கோதுமை, டெல்மரின் முழங்கால், ஒரு பொதுச் சிநேகிதரின் சவ அடக்கம் ஆகிய மூன்றும் முடிந்தன. பிறகு தெருமுனைக் கடைக்குப் போய் மூவரும் மாட்டிறைச்சி சாண்ட்விச்சில் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார்கள். மார்லிஸ் வழக்கத்துக்கு விரோதமாக உருளைக்கிழங்கை மிச்சம் வைத்தார். டெல்மர் பணிப்பெண்ணிடம் மூன்று விதமான 'பை' இனிப்புகளைப் பற்றி விசாரித்துவிட்டு ஒன்றும் வாங்கவில்லை. லோவல் இரண்டையும் குறித்துக்கொண்டார்.

திரும்பி வந்ததும், "சரி, ஒன் வண்டப் பாத்துருவோம்" என்றார் டெல்மர்.

"பாரேன். எடுத்துத்தான் வச்சிருக்கேன்."

டெல்மர் ஸ்வெட்டரைக் கழற்றி வெளியே ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே வந்தார். கதவுக் காகிதத்தை மதிக்கிற ஆள். அதுவே லோவலுக்கு எரிச்சலாக இருந்தது. காது மெஷினைச் சரி செய்தார், நாற்காலியைச் சரி செய்தார், குனிந்தார்.

நெடுநேரம் நிமிரவில்லை. லோவலுக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய வழுக்கை மட்டுமே. முகத்தைப் பார்க்க வேண்டும் என்று திட்டம் போட்டவர், மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறவன் முகம் மைக்ரோஸ்கோப்புக்குள்தான் இருக்கும் என்பதை யோசிக்கவில்லை.

"வயிறு கழண்டுருச்சு போல" என்றார் டெல்மர் நிமிராமலேயே.

"கழண்டுருச்சு."

"பழைய பொருளுன்னா அப்படித்தான்."

"பழைய பொருளு பொம்பளையாவும் மாறுமா?"

மார்லிஸ் கதவோரம் வந்து நின்றிருந்தார்.

"நெயில் பாலிஷ்யா! வெள்ளப் பசை இல்ல. ரோஸ் கலரு நெயில் பாலிஷ்! எங்க, சொல்லு, எதுக்கு அத ஒட்டுன?" லோவலின் குரல் அவருக்கே அந்நியமாக உயர்ந்துவிட்டது. "ஒடச்சு வச்சுட்டுக் காத்திருந்தியா? பட்டியல் எழுதறப்ப ஊரக் கூட்டிக் காட்டலாம்னு?"

டெல்மர் நிமிர்ந்தார். வெளியே கொடிக் கம்பத்தைப் பார்த்தார். "காத்து எறங்கற மாதிரி தெரியுது" என்றார்.

"டெல்மர், போதும்" என்றார் மார்லிஸ். "நாலு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்தது காத்து பாக்கவா? சொல்றதுன்னா சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்லிருவேன். எனக்கு இது போதும். இருவத்தொம்பது வருஷமா இந்த மனுசன் அந்தப் பெட்டியத் தெறக்கறப்பல்லாம் ஏதோ வேல இருக்கற மாதிரி நான் வெளிய ஓட வேண்டியிருக்கு."

டெல்மர் கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

"தும்முனேன்" என்றார்.

"என்னது?"

"அந்துருண்டை நெடி. தும்மல் வந்துச்சு. ஊசி கையில இருந்துச்சு. வயிறு கீழ விழுந்துச்சு. இந்தா, இந்த எடத்துலதான்." காலால் தரையைத் தொட்டுக் காட்டினார். "நானும் மார்லிஸும் மத்தியானம் வரைக்கும் முட்டி போட்டுத் தேடி எடுத்தோம். எடுத்தது வயிறா இல்ல. தூளு. அப்பறம் பொதுப் பெட்டியிலேருந்து, பழசாகி நெறம் வெளுத்துப் போன சாதாரண வண்டு ஒண்ணோட வயித்த எடுத்து ஒட்டுனேன். பசை காஞ்சு போயிருந்துச்சு. மார்லிஸ் கைப்பையில அந்த நெயில் பாலிஷ்தான் இருந்துச்சு."

"பொம்பள வயித்தையா?"

"பதட்டத்துல பாக்கல. நான் ஆம்பளன்னுதான் நெனச்சேன்." நாற்பத்து மூன்று இனங்களைப் புதைத்தவர் தலையைச் சொறிந்தார். "ஆறு மாசம் கழிச்சு ராப்பகலா யோசிக்கறப்பதான் சந்தேகமே வந்துச்சு."

லோவலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். இவ்வளவு நாள் வளர்த்த சதி ஒரு தும்மலில் முடிவது அவருக்கு ஏமாற்றமாகவும் இருந்தது. "அன்னைக்கே சொல்லித் தொலையறதுக்கு என்ன? ஒரு வாரம் கத்தியிருப்பேன். அப்பறம் மறந்திருப்பேன்."

"சொல்லத்தான் இருந்தோம்" என்றார் மார்லிஸ். "நீங்க அஞ்சு மணிக்கு வந்தீங்க. நெனப்பிருக்கா? கோட்டக் கழட்டாம இந்த நாற்காலில உக்காந்தீங்க. டெல்மர் வாயத் தெறந்தாரு. அதுக்குள்ள நீங்க சொன்னீங்க, 'வீடு அவளுக்கு, நாய் அவளுக்கு, வண்டு எனக்கு'ன்னு. சொல்லிட்டு நீங்களே சிரிச்சீங்க. எங்களால சிரிக்க முடியல."

நினைவிருந்தது. அன்று அவர்கள் சிரிக்காததை அவர் இரக்கம் என்று எடுத்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு முட்டி வலித்திருக்கிறது.

லோவல் நாற்காலியில் உட்கார்ந்தார். மனசு லேசாகிவிட்டது. உடைந்தது வயிறு மட்டும். தலை அவருடையது, நெஞ்சு அவருடையது, தீர்ப்புச் சொல்கிற உறுப்பு குப்பிக்குள் பத்திரம். நடந்ததை ஒரு சீட்டில் எழுதி ஊசியில் ஏற்றிவிட்டால் பெயருக்கு ஒன்றும் ஆகாது. பெயர் வைக்கிறதற்கான சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

"சரி விடு. சீட்டு எழுதி கையெழுத்துப் போடு. நானும் போடறேன். தீந்துது."

டெல்மர் பேனாவை எடுக்கவில்லை.

"ஒடஞ்சது மட்டும்னா போன்லயே சொல்லியிருப்பேன் லோவல். அடுத்த வாரமே சொல்லியிருப்பேன்."

"பின்ன?"

டெல்மரின் கண் ஜன்னல் பக்கம் போயிற்று. பாதியில் திரும்பி வந்தது. "ஒரு வண்டு வயிறு இந்த ஒயரத்துலேருந்து விழுந்தா என்ன ஆகும்?"

"துள்ளும். கல்லு மாதிரி இருக்குமே. நேத்தைக்கு முந்தா நாளு விழுந்தப்பக்கூட..." லோவல் நிறுத்தினார். நேற்று முன்தினம் விழுந்தது வேறு வண்டின் வயிறு. அது துள்ளியது, உருண்டது, தட்டில் போய் உட்கார்ந்தது.

"இது துள்ளல" என்றார் டெல்மர். "காஞ்ச எல மாதிரி விழுந்தப்பவே நொறுங்கிருச்சு. ஓடே இல்ல அதுக்கு. தாள் மாதிரி இருந்துச்சு."

கூட்டுப்புழுவிலிருந்து வெளியே வந்த வண்டுக்கு முதல் சில நாட்கள் ஓடு இறுகாது, நிறம் ஏறாது. அதைப் பிஞ்சு என்பார்கள். பிஞ்சைப் பிடித்துக் காயவைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் சுருங்கி, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வளைந்து போகும். முதலாண்டு மாணவர்களுக்கு லோவல் எடுக்கிற இரண்டாவது பாடமே இதுதான்.

"சாதாரண வண்டு ஆகஸ்ட்லதான் கூட்டவிட்டு வெளிய வரும்" என்றார் லோவல். குரல் கீழே இறங்கியிருந்தது. "நான் புடிச்சது ஜூன். ஜூன்ல பிஞ்சு கெடையாது."

"எண்பத்தெட்டு மாதிரி காஞ்ச வருஷத்துல உண்டு. ஜூன்ல எப்படின்னு எனக்கும் அப்பத் தெரியாது. நீ போட்ட பட்டியல்லதான் படிச்சேன். மணல்மேட்டுல இத்தன வருஷம் எண்ணுனியே, அந்தக் கட்டுரை. ரெண்டாயிரத்துப் பன்னெண்டு, அதுவும் பொட்டக் காஞ்ச வருஷம். ஜூன் மாசம், வெளிர் நெறம், பிஞ்சு, சாதாரண வகை, மூணு. நீயே எழுதியிருக்க. உன்னளவுக்கு இந்தச் சமவெளியில வண்டு எண்ணுன ஆளு கெடையாது. நான் போடற பட்டியல்ல பாதி ஒன் நோட்டுப் புத்தகத்து மேலதான் நிக்குது."

மூன்று. லோவலுக்கு அந்த மூன்றும் ஞாபகம் வந்தன. உள்ளங்கையில் வைத்துப் பார்த்திருந்தார். ஒன்றின் உறுப்பு வலது பக்கம் கோணியிருந்தது, இன்னொன்று சுருண்டிருந்தது. 'பிஞ்சு' என்று எழுதிவிட்டு வீசிவிட்டு, அடுத்த டப்பாவில் ஆர்லீன் வண்டு இருக்கிறதா என்று தேடப் போய்விட்டார்.

மார்லிஸ் காபிக் கோப்பை ஒன்றைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தார். பூச்சி அறைக்குள்ளேயே வைத்தார்.

"தூள எடுத்த அன்னைக்கே பிஞ்சுன்னு உனக்குத் தெரிஞ்சுதா?" என்று கேட்டார் லோவல்.

"ம்."

"அதச் சொல்லணும்னா ஒடச்சதையும் சொல்லணும். ஒடச்சதச் சொன்னா அதையும் சொல்லணும்."

"அப்படித்தான்."

"அதனால என் வண்ட விட்டு வச்ச. உன்னோட நாப்பத்து மூணுல என்னோடது இல்லையேன்னு நான் பெருமைப்பட்டுக்கிட்டேன்யா. ஒரு கூட்டத்துலகூடச் சொன்னேன்."

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். மூணாவது வரிசையில."

லோவல் குனிந்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். இளஞ்செம்பழுப்பு. காய்ச்சிய வெண்ணெய் நிறம். இத்தனை வருடம் அழகு என்று பார்த்த நிறம். கண்ணை எடுக்காமலேயே கேட்டார்.

"டெல்மர், காத்து, மழை, முட்டி வலி எதுவும் வேணாம். 'அப்படியும் பாக்கலாம்' வேணாம். எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான், அதுக்காக எரக்கப்படவும் வேணாம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லு. ஆர்லீன் வண்டு தனி இனமா, இல்லையா?"

நாற்காலி கிறீச்சிட்டது. டெல்மர் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"இல்ல, லோவல்" என்றார். "தனி இனம் இல்ல."